ஸ்பானை ஏற்றினால் சென்சார் சரியாகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஆலையில் எரிவாயுக் குழாய்ப் பாதையிலும் கம்ப்ரஸர் கூடத்திலும் 22 எல்இஎல் (காற்றில் எரிவாயு தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு, அதாவது கீழ் வெடிப்பு எல்லை) டிடெக்டர்கள் இருக்கின்றன, எல்லாம் கேட்டலிட்டிக் வகை. இவை தவிர 5 இன்ஃப்ராரெட், 4 ஹைட்ரஜன் சல்பைடு டிடெக்டர்கள். மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, பளபளப்புக்கு ஒரு ஸ்ப்ரே அடிக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிபரேஷன். இந்த முறை 50 சதவீத எல்இஎல் மீத்தேன் கொடுத்தபோது மூன்று டிடெக்டர்கள் 38, 35, 29 என்று காட்டின. டெக்னீஷியன் ஸ்பானை (சென்சார் சிக்னலைப் பெருக்கிக் காட்டும் அமைப்பை) ஏற்றி மூன்றையும் 50-க்குக் கொண்டுவந்துவிட்டார். இது போதுமா? சின்டரில் (சென்சார் முகப்பில் உள்ள நுண்துளைத் தட்டில்) கம்ப்ரஸ்டு ஏர் அடிக்கலாமா, தின்னரில் ஊறவைக்கலாமா? இன்ஃப்ராரெட்டில் ஒன்று அதிகாலையில் மட்டும் ‘லென்ஸ் அழுக்கு’ என்று ஃபால்ட் காட்டுகிறது; பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. எதை எப்படிச் சுத்தம் செய்வது?
— பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்

பதில்: முதலில் அந்த ஸ்ப்ரே டப்பாவின் லேபிளைப் படியுங்கள். பளபளப்பு தரும் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். கேட்டலிட்டிக் சென்சாருக்கு அது கொடிய நஞ்சு. உங்கள் மூன்று டிடெக்டர்களும் குறைத்துக் காட்டியதற்கு அதுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட வேண்டியவற்றில் முதலிடம் அதற்குத்தான். ஸ்பானை ஏற்றியது போதுமா என்றால், போதாது. காட்டும் எண் மாறியிருக்கிறது. சென்சார் பழையபடியேதான் இருக்கிறது.

சென்சாருக்குள் மிளகைவிடச் சிறிய இரண்டு மணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் பிளாட்டினக் கம்பிச் சுருள். ஒரு மணியில் பல்லேடியம் போன்ற வினையூக்கி பூசியிருக்கும், மற்றதில் இருக்காது. மின்சாரம் பாய்ந்து இரண்டும் ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். வாயு வந்தால் வினையூக்கி உள்ள மணியில் மட்டும் எரியும். அதன் சூடு கூடும், கம்பியின் மின்தடை ஏறும், இரண்டையும் ஒப்பிடும் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் என்ற மின்சுற்றின் சமநிலை குலையும். பேனலில் நீங்கள் பார்க்கும் எண் அந்தக் குலைவின் அளவு. சிலிக்கோன் ஆவி அந்தச் சூட்டில் பட்டால் சிதைந்து சிலிக்காவாக, அதாவது மணலில் இருக்கும் அதே பொருளாக, வினையூக்கியின் மேல் படிந்துவிடும். வாயு வரும், ஆனால் எரிய இடம் இருக்காது. படிந்ததைத் துடைத்தோ கழுவியோ எடுக்க வழியில்லை.

இதில் மோசம் என்னவென்றால், வினையூக்கி முழுதாகச் செத்த சென்சாரும் கம்பி அறாதவரை, வாயு இல்லை என்பதைக் குறிக்கும் 4 மில்லி ஆம்பியரை ஒழுங்காகத் தந்துகொண்டிருக்கும். பேனலில் பச்சை விளக்கு எரியும், வாசிப்பு 0 என்று இருக்கும், ஃபால்ட் எதுவும் வராது. வாயு இல்லாததால் வரும் 0-வும், வாயுவை உணர முடியாமல் போனதால் வரும் 0-வும் கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். வாயுவைக் காட்டிப் பார்ப்பது ஒன்றே இதைக் கண்டுபிடிக்கும் வழி.

29 காட்டிய டிடெக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் உணர்திறன் 58 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. முதல் அலாரம் 20-ல் வைக்கப்பட்டிருந்தால், உண்மையான அளவு 34-ஐத் தாண்டிய பிறகுதான் அது ஒலித்திருக்கும். எத்தனை நாளாக இந்த நிலை என்று யாருக்கும் தெரியாது. ஸ்பானை ஏற்றியதால் இப்போது சிக்னல் சுமார் 1.7 மடங்காகப் பெருக்கப்படுகிறது. கூடவே ஜீரோ நகர்வும், ஈரப்பதமும் வெப்பமும் மாறும்போது வரும் ஆட்டமும் அதே 1.7 மடங்கு பெருகும். நஞ்சு ஊட்டும் வேலை மாதாமாதம் தொடர்ந்தால் அடுத்த காலிபரேஷனுக்குள் அது மறுபடி எங்கே இறங்கி நிற்கும் என்று சொல்ல முடியாது. டெக்னீஷியனைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘திருத்தும் முன் காட்டியது’, ‘திருத்திய பின் காட்டுவது’ என்று படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்து, முன்னதற்கு ஒரு கீழ் வரம்பும் எழுதியிருந்தால் அவர் ஸ்பானைத் தொடும் முன்பே உங்களைக் கூப்பிட்டிருப்பார்.

வாசிப்பு குறைவதற்கு நஞ்சு மட்டும் காரணமில்லை. சின்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது வினையூக்கி தற்காலிகமாக மந்தமாகியிருக்கலாம். பிரித்தறிய ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். காலிபரேஷன் கேஸைத் திறந்த நொடியிலிருந்து, வாசிப்பு கடைசியில் எங்கே நிற்கிறதோ அதில் பத்தில் ஒன்பது பங்கை எட்ட எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். சென்சார் புதிதாக இருந்தபோது இதே கேப் (கேஸைச் செலுத்த சென்சாரில் மாட்டும் மூடி), இதே ஃப்ளோவில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். வழக்கமான வேகத்தில் ஏறி, குறைவான எண்ணில் நின்றுவிட்டால் வினையூக்கி பழுது. இழுத்து இழுத்து ஏறினால் பெரும்பாலும் அடைப்பு. அடைபட்ட டிடெக்டரில் இரண்டு நிமிடம் காத்திருந்து 50 வந்ததும் ‘பாஸ்’ என்று எழுதிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கசிவு நேரும் நாளில் வாயு அத்தனை பொறுமையாகக் காத்திருக்காது.

மூன்றாவது காரணம் உங்கள் ஆலைக்கு நேராகப் பொருந்தும். ஹைட்ரஜன் சல்பைடு டிடெக்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த வாயு அங்கே வர வாய்ப்பிருக்கிறது. அதுவும் குளோரின் சேர்ந்த கரைப்பான்களும் வினையூக்கியைத் தற்காலிகமாக மந்தப்படுத்தும். சென்சாரில் மின்சாரம் ஓடியபடி ஓரிரு நாள் சுத்தக் காற்றில் இருந்தால் ஓரளவு மீளும். சிலிக்கோன், ஈயச் சேர்மங்கள், சில ஹைட்ராலிக் எண்ணெய்களில் இருக்கும் பாஸ்பேட் எஸ்டர் ஆகியவற்றால் கெட்டது மீளாது. இரண்டு நாள் கழித்து மறுபடி சோதித்து எண் அப்படியே நின்றால், நம்பிக்கை வைக்காமல் சென்சாரை மாற்றுங்கள். இரண்டு வகை டிடெக்டரும் அருகருகே இருக்கும் இடங்களில் எல்இஎல் டிடெக்டரை முதலில் சோதித்து, ஹைட்ரஜன் சல்பைடை இரண்டாவதாகத் திறப்பது நல்லது.

நீங்கள் மீத்தேனையே கொடுத்துச் சோதிப்பது சரியான பழக்கம், அதை விடாதீர்கள். வினையூக்கியில் எரிப்பதற்கு மிகக் கடினமான வாயு மீத்தேன். நஞ்சேறத் தொடங்கிய சென்சார் முதலில் இழப்பது மீத்தேன் உணர்வைத்தான். அதே சென்சார் புரோப்பேனுக்கோ ஹைட்ரஜனுக்கோ இன்னும் நன்றாகவே அசையும். கையில் இருக்கும் சிலிண்டரைக் கொண்டு சமாளிக்கலாம் என்று புரோப்பேனில் சோதித்திருந்தால் இந்த மூன்றும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. சிகரெட் லைட்டரைத் திறந்துகாட்டி ‘அலாரம் அடிக்கிறது, வேலை செய்கிறது’ என்று கையெழுத்துப் போடுவது இன்னும் மோசம். அது அடர்த்தியாகப் பாய்ந்து சென்சாரின் ஜீரோவையே நகர்த்திவிடக்கூடும். எந்த அளவில் உணர்கிறது என்பதையும் சொல்லாது.

இனி சின்டர். அதைத் தூசி வடிகட்டி என்று பலர் நினைக்கிறார்கள். பிளேம்ப்ரூஃப் சென்சாரில் அது தீத்தடுப்பு. உள்ளே சூடான மணியில் வாயு பற்றிக்கொண்டாலும், அந்த நுண்துளைகள் வழியே வரும் தீ வெப்பத்தை இழந்து அணைந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. கம்பி, ஊசி, இரும்பு பிரஷ் எதுவும் அதன்மேல் படக்கூடாது. கம்ப்ரஸ்டு ஏர் வேண்டாம்: லைனில் வரும் எண்ணெயும் நீரும் துளைக்குள் போகும், வெளியே இருந்த தூசியும் உள்ளே தள்ளப்படும். தின்னரில் ஊறவைத்தால் அதன் ஆவி துளைகளிலேயே தங்கி நெடுநேரம் வாயு இருப்பதுபோல் காட்டும். கரைந்த அழுக்கு உள்ளே இறங்கி மணிகளில் படியும். வெளிப்புறத்தில் உலர்ந்த தூசி இருந்தால் மென்மையான உலர்ந்த பிரஷால் கீழ்நோக்கித் தட்டிவிடலாம். அதற்கும் போகாத அடைப்பு, எண்ணெய்ப் படலம், பெயிண்ட், துரு எதுவானாலும் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். பெயிண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்க வருபவர்கள் டிடெக்டரையும் சேர்த்து அழகாக அடித்துவிட்டுப் போவார்கள். பெயிண்ட் வேலைக்கு பர்மிட் கொடுக்கும்போதே டிடெக்டர்களுக்கு உறை போடுவதையும், வேலை முடிந்ததும் உறையைக் கழற்றுவதையும் அந்த பர்மிட்டிலேயே எழுதிவிடுங்கள். கழற்ற மறந்த பிளாஸ்டிக் உறையும் அடைப்புத்தான்.

மாதாந்திரச் சுத்தத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேனலில், ஒருவர் களத்தில். பர்மிட் எடுத்து, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, வேலை செய்யப்போகும் ஒரே ஒரு சேனலை மட்டும் இன்ஹிபிட் செய்யுங்கள், அதாவது அதன் அலாரம் செயல்படாதபடி தற்காலிகமாக நிறுத்துங்கள். மொத்த வரிசையையும் இன்ஹிபிட் செய்துவிட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பது வேகமாக முடியும். ஆனால் அந்த நேரம் முழுவதும் கூடத்தில் காவல் இருக்காது. மூன்றில் இரண்டு டிடெக்டர் சொன்னால் ட்ரிப் ஆகும் (இயந்திரம் தானாக நிற்கும்) அமைப்பு இருந்தால், ஒன்றை எடுத்தபின் மீதி இரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வேலைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பிளாஷ் கார்டை (நீர் தெறிக்காமல் காக்கும் உறையை) கழற்றி உள்ளே பாருங்கள். சிலந்தி வலையும் குளவியின் மண்கூடும் சாதாரணமாகக் கிடைக்கும். கார்டை மிதமான வெந்நீரில் சில துளி சாதாரண சோப்புக் கரைசல் விட்டுக் கழுவி, நல்ல நீரில் அலசி, முழுக்க உலர வைத்த பிறகே மாட்ட வேண்டும். ஒன்றிரண்டு உதிரி கார்டுகள் கையில் இருந்தால், கழுவி உலர்ந்ததை மாட்டிவிட்டு அழுக்கானதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். உடலை நீரில் நனைத்துப் பிழிந்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தால் போதும். சென்சார் முகத்தில் நீர் படக்கூடாது. பக்கத்தில் பிரஷர் வாஷ் செய்யும் நாளில் நேரடியாகப் பீய்ச்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே, பாலிஷ், தின்னர், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வேண்டாம். உங்கள் ஸ்டோரில் சிலிக்கோன் வேறு வேடங்களிலும் ஒளிந்திருக்கும்: துரு நீக்கும் ஸ்ப்ரே, கேபிள் இழுக்கும்போது தடவும் வழுக்கி, கதவிடுக்கில் பூசும் சீலன்ட், ஓ-ரிங்குக்குத் தடவும் கிரீஸ். காலிபரேஷன் கேப்பில் மாட்டும் ட்யூப்கூட சிலிக்கோன் ரப்பராக இருக்கலாம். அதையும் பாருங்கள்.

மூடியைத் திறக்கும் அவசியம் அடிக்கடி வராது. வந்தால், பிளேம்ப்ரூஃப் பெட்டியை மின்சாரத்தோடு திறக்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிவிட்டுத் திறங்கள். மூடியின் மரையே தீ வெளியேறாமல் காக்கும் பாதை என்பதால் அதில் உப்புத்தாள் போடக்கூடாது. தயாரிப்பாளர் அனுமதித்த, இறுகாத, சிலிக்கோன் இல்லாத கிரீஸ் மட்டும் மெல்லிசாகத் தடவலாம். மூடும்போது மரை முழுதும் ஏற வேண்டும், பூட்டுத் திருகும் இறுக வேண்டும். உள்ளே நீர்த்துளியோ பச்சை பிடித்த டெர்மினலோ தெரிந்தால் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள கிளாண்டைச் சந்தேகியுங்கள். பயன்படாத துளையில் பிளாஸ்டிக் அடைப்பான் இருந்தால் அன்றைக்கே சான்றிதழ் பெற்ற பிளக்கை மாட்டுங்கள்.

துடைத்து முடித்ததும் வாசிப்பு 0-வில் நிலைத்த பிறகு பம்ப் டெஸ்ட் செய்யுங்கள். கேஸைக் காட்டி, உரிய நேரத்துக்குள் அலாரம் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைதான் அது; எதையும் திருத்தத் தேவையில்லை. எண் சரியில்லை என்றால்தான் காலிபரேஷன். அதில் ஜீரோ முதலில், ஸ்பான் அடுத்து. சுற்றிலும் வாயு துளியும் இல்லை என்ற நிச்சயம் இல்லாத இடத்தில் ஜீரோ ஏர் சிலிண்டரைப் பயன்படுத்துங்கள். 5 சதவீத எல்இஎல் அளவு வாயு மிதந்துகொண்டிருக்கும் கூடத்தில் ஜீரோ செய்தால் அந்த 5 உங்கள் கண்ணிலிருந்து நிரந்தரமாக மறைந்துவிடும்.

காலிபரேஷன் சிலிண்டரில் மீத்தேனோடு கலந்திருப்பது காற்றா நைட்ரஜனா என்று லேபிளைப் பாருங்கள். கேட்டலிட்டிக் சென்சாருக்குக் காற்றுக் கலவைதான் வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாமல் மணியில் எதுவும் எரியாது. அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. கன அளவில் 2.5 சதவீத மீத்தேன், கீழ் வெடிப்பு எல்லை 5 சதவீதம் என்ற கணக்கில் 50 எல்இஎல். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை சொல்லும் 4.4 என்ற கணக்கில் அதுவே 57. உங்கள் பேனல் எந்தக் கணக்கில் அமைக்கப்பட்டது என்று தெரியாமல் ஸ்பானைத் தொட வேண்டாம். ரெகுலேட்டரின் ஃப்ளோ மாடலைப் பொறுத்து நிமிடத்துக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இருக்கும். கையேட்டில் சொன்னதையே வையுங்கள். 50 வரும்போது மல்டிமீட்டரில் லூப் மின்னோட்டம் 12 மில்லி ஆம்பியரும் பேனலில் 50-ம் காட்ட வேண்டும். டிடெக்டர் திரையில் சரியாகவும் பேனலில் வேறாகவும் இருந்தால் பிழை சென்சாரில் இல்லை. வயரிலோ பேனலின் ரேஞ்ச் அமைப்பிலோ தேடுங்கள்.

அதிகாலை ஃபால்ட்டுக்கு வருவோம். துடைத்தும் போகாமல், வெயில் ஏறியதும் தானே போகிறது என்றால் அது அழுக்காக இருக்க வாய்ப்பு குறைவு, பனி படிகிறது. இன்ஃப்ராரெட் டிடெக்டர் பலவற்றில் லென்ஸையும் கண்ணாடியையும் சற்றே சூடாக வைக்க ஹீட்டர் உண்டு. ஹீட்டர் பழுதானாலோ அதற்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காவிட்டாலோ விடியற்காலை ஈரம் லென்ஸில் படியும். எனவே துணியை வைத்துவிட்டு மீட்டரை எடுங்கள். பேனலில் 24 வோல்ட் இருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாமல், டிடெக்டர் டெர்மினலில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன வருகிறது என்பதை அளக்க வேண்டும். அந்தப் பெட்டியை மின்சாரத்தோடு திறக்க வேண்டியிருப்பதால் வாயு இல்லை என்று சோதித்து, அதற்குரிய பர்மிட்டோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். டிடெக்டர் 500 மீட்டர் தொலைவில் இருந்தால் போக வர 1,000 மீட்டர், அதாவது 12 ஓம். 0.3 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 3.6 வோல்ட் போய்விடும். பேனலில் 24 இருக்கும்போது 20.4 வந்து சமாளிக்கும். மின்தடையில் பேட்டரி 21-க்கு இறங்கினால் 17.4-தான் எட்டும். 18 வோல்ட்டுக்குக் கீழே இயங்காத மாடலாக இருந்தால் மிகவும் தேவையான நேரத்தில் அது படுத்துவிடும். கேட்டலிட்டிக் டிடெக்டரை எடுத்துவிட்டு அதே பழைய கேபிளில் இன்ஃப்ராரெட்டை மாட்டிய இடங்களில் இந்தக் கணக்கை யாராவது போட்டார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

மின்னழுத்தம் சரியாக இருந்தால் அடுத்து லென்ஸ். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் துடைத்து, புதுக் குச்சியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் படலத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில கையேடுகள் அனுமதிக்கின்றன. அனுமதித்தாலும், அது ஆவியாகிப் போகும்வரை டிடெக்டர் அதையே எரிவாயுவாக எண்ணும். இன்ஹிபிட்டை அவசரப்பட்டு எடுத்தால் ட்ரிப்தான். இன்ஃப்ராரெட்டுக்கு சிலிக்கோன் நஞ்சு இல்லை, ஆக்ஸிஜனும் தேவையில்லை, பழுதானால் தானே சொல்லும். இத்தனை நல்ல குணம் இருந்தும் ஹைட்ரஜனை மட்டும் அது பார்க்கவே பார்க்காது. ஹைட்ரஜன் வரக்கூடிய இடத்தில் கேட்டலிட்டிக்கை எடுத்துவிட்டு இதை வைக்காதீர்கள்.

ஹைட்ரஜன் சல்பைடு சென்சாருக்குள் அமிலக் கரைசல் இருக்கிறது. முகப்பில் மெல்லிய சவ்வு. நனைக்காதீர்கள், ஊதாதீர்கள், சானிடைசர் தடவிய கையோடு கிட்டே போகாதீர்கள். ஆல்கஹால் ஆவி சில சென்சார்களில் பொய் வாசிப்பைத் தரும். வெளியே மாட்டும் வடிகட்டி அழுக்கானால் புதிது போடுங்கள். இந்த சென்சாரின் ஆயுள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு, ஸ்டோரில் இருக்கும்போதும் அது குறைந்துகொண்டே போகும் என்பதால் மொத்தமாக வாங்கி அடுக்குவது வீண். புதிய சென்சாரின் முனைகளுக்கு நடுவே ஷார்ட் கிளிப் இருந்தால் அதை எடுத்துவிட்டு மாட்ட வேண்டும், மாட்டியபின் கையேடு சொல்லும் நேரம் நிலைப்பட விட வேண்டும். இந்த வாயு ரப்பர் ட்யூபின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டெஃப்லான் ட்யூபை ஒரு மீட்டருக்குள் வைத்து, துருப்பிடிக்காத எஃகு ரெகுலேட்டரோடு பயன்படுத்துங்கள். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பிரஷர் கேஜ் நிறையக் காட்டினாலும், உள்ளே 25 பிபிஎம் இருந்த இடத்தில் அதைவிடக் குறைந்திருக்கலாம். அந்த நீர்த்த கேஸுக்கு ஸ்பானை ஏற்றினால் டிடெக்டர் அதன் பிறகு எல்லாவற்றையும் மிகைப்படுத்தியே காட்டும்.

இந்த வாரத்துக்கான வேலை இது. ஸ்ப்ரேயை ஸ்டோரிலிருந்தே எடுத்துவிடுங்கள். 29 காட்டியதற்குப் புதிய சென்சார் போடுங்கள். 38, 35 காட்டிய இரண்டையும் ஸ்டாப்வாட்ச்சோடு மறுபடி சோதித்து, வேகம் குறையாமல் எண் மட்டும் குறைந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். ஸ்பானை ஏற்கெனவே ஏற்றிவிட்டதால் இப்போது வரும் எண்ணை 50-உடன் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். மாடல் அனுமதித்தால் பழைய ஸ்பான் மதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டுப் பாருங்கள். மீதி 19-க்கும் அதே ஸ்ப்ரே அடிபட்டிருக்கிறது. ஆறு மாதம் காத்திருக்காமல் இப்போதே ஒரு பம்ப் டெஸ்ட், பிறகு மூன்று மாதத்துக்கு மாதம் ஒன்று. திருத்தும் முன் காட்டிய எண்கள் நிலையாக நின்றால் இடைவெளியை, கையேடு அனுமதிக்கும் எல்லைவரை, மெல்ல நீட்டிக்கொள்ளலாம். கேஸ் செலவு பெரிதில்லை: நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 22 டிடெக்டருக்கு 22 லிட்டர். 58 லிட்டர் சிலிண்டர் ஒன்று இரண்டு சுற்றுக்கு வந்து, சந்தேகப்பட்டதை மறுபடி சோதிக்கவும் மிச்சம் இருக்கும்.